மூன்று பேருக்கும் ஒரே கேஸ்

எங்கள் கடையில் அதிகமாகக் காதில் விழும் சொல் ‘கேஸ்’தான். நெம்மேலிக்குப் பக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மருந்துக் கடை வைத்திருக்கிறேன். நெஞ்சு கரித்தால் கேஸ். முதுகில் பிடித்தால் கேஸ். மருமகளோடு சண்டை போட்டுவிட்டுத் தூக்கம் வராமல் வந்து நிற்பவருக்கும் கேஸ். “அக்கா, கேஸுக்கு ஒரு மாத்திரை குடு” என்று கையை நீட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு வயிற்றில் ஒரு கோளாறும் இருக்காது. மார்வலியோ என்று சந்தேகம் வந்தால் மட்டும் மாத்திரை தராமல் ஆஸ்பத்திரிக்கு விரட்டிவிடுவேன். என்னை ‘மெடிக்கல் அக்கா’ என்பார்கள். வாய் நீளம் என்றும் சொல்வார்கள். இரண்டும் சரிதான்.

இவ்வளவு தெரிந்தவள், என் வீட்டில் அதே சொல் புகுந்தபோது கேள்வி கேட்காமல் உள்ளே விட்டேன்.

மகளுக்கு வளைகாப்பு முடிந்து வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். மாப்பிள்ளைக்குக் கேளம்பாக்கம் பக்கத்தில் ஐ.டி. வேலை. கம்பெனி அவரைச் சில மாதங்களுக்கு வெளிநாடு அனுப்பியிருந்தது. போகும்போது பெண்டாட்டியை எங்களிடம் விட்டார், காரையும் விட்டார். டர்போ வைத்த பெட்ரோல் கார். “அத்தை, மிதிச்சா பறக்கும், பாத்து ஓட்டுங்க” என்று சாவியை என்னிடம்தான் கொடுத்தார். எங்கள் வீட்டில் கார் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளெல்லாம் வண்டியில் நின்றபடியே போனவர், ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. முன் சீட்டில் உட்கார்ந்து “போலாம் ரைட்” சொல்வதோடு அவர் வேலை முடிந்துவிடும்.

செக்கப்புக்குச் செங்கல்பட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் போய்க்கொண்டிருந்தோம். மாமல்லபுரம் போய், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் மகளுக்குத் தலை பாரமாக இருக்கும். குமட்டும். வந்ததும் படுத்துவிடுவாள், சாயங்காலத்துக்குள் தெளிந்துவிடுவாள்.

“கேஸு” என்றார் அவள் அப்பா.

“பிள்ளைத்தாச்சிக்கு கேஸ் ஏறத்தான் செய்யும்” என்றார் பக்கத்து வீட்டு அம்மா. மகளும், “ஆமாம்மா, ஏப்பம் வந்தா சரியாப் பூடும்” என்றாள். நானும் ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தேன். டாக்டரம்மா பிரஷர் பார்த்தார், சரியாக இருந்தது. ரத்தம் கொஞ்சம் குறைவு என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். “நல்லா காத்து படட்டும்மா, அடைச்ச எடத்துல உக்காராதீங்க” என்றார். அதனால் காரில் ஏசி போடும்போதெல்லாம் வெளிக்காற்று உள்ளே வருகிற பொத்தானை மறக்காமல் அழுத்திவிடுவேன். சாலை வேலை நடந்துகொண்டிருந்ததால் தூசுக்குப் பயந்து கண்ணாடிகளை மட்டும் ஏற்றிவைப்போம். பொத்தான்தான் இருக்கிறதே என்று ஒரு தைரியம்.

அந்தக் காரும் அப்போதுதான் சத்தம் போட ஆரம்பித்திருந்தது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள் ‘டிக் டிக் டிக்’ என்று தையல் மிஷின் ஓடுகிற மாதிரி கேட்கும். கொஞ்ச தூரம் போய் என்ஜின் சூடானதும் அடங்கிவிடும். லாரியை முந்தலாம் என்று மிதித்தால் மாப்பிள்ளை சொன்ன பறத்தல் இல்லை. ‘ஸ்ஸ்’ என்று ஒரு பெருமூச்சு மட்டும் வரும். புகை நெடியும் அவ்வப்போது வந்தது. முன்னால் போகிற லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன்.

பூஞ்சேரியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். சத்தத்தை போனில் பிடித்து அவருக்கு அனுப்பினேன். அவர் திருப்பிக் கூப்பிட்டபோது கடையில் கூட்டம், போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். அவர் வெளியே சாலையோரம் நின்று பேசிவிட்டு வந்தார்.

“கேஸ் லீக்காம். அப்டியே வெச்சுகினு ஓட்டாதீங்கன்றான்.”

எங்கள் பக்கத்தில் காருக்குக் கேஸ் என்றால் ஏசிக்குப் போடுகிற கேஸ்தான். ஏசியும் அந்தச் சமயத்தில் சரியாகக் குளிரவில்லை. எல்லாம் பொருந்தி வந்தது. மறுநாளே கேளம்பாக்கத்தில் ஒரு ஏசி கடையில் விட்டுக் கேஸ் போட்டுக்கொண்டு வந்தோம். ஏசி ஜிலுஜிலுவென்று வந்தது. “பாத்தியாமே, கேஸு போட்டதும் எப்டி கீது பாரு” என்று அவருக்கு ஒரே பெருமை. டிக் டிக் மட்டும் போகவில்லை. அது ஓட ஓடச் சரியாகிவிடும் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிட்டார். ஏசி நன்றாக வேலை செய்ததால் அதற்குப் பிறகு கண்ணாடியை இறக்கும் பேச்சே இல்லாமல் போனது.

அடுத்த செக்கப் ஒரு கிருத்திகை நாளில் வந்தது. வீட்டுக்காரர் விரதம், பச்சைத் தண்ணீரோடு வந்திருந்தார். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ராட்டினங்கிணறு சிக்னலில் மாட்டிக்கொண்டோம். எங்கோ முன்னால் ஒரு பஸ் பழுதாகி நின்றிருந்தது. நகரவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு, என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு, மூன்று பேரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் மகள் வாந்தி எடுத்தாள். எனக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தன. வீட்டுக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

“எனக்கும் கேஸு” என்றார். “வெறும் வயிறு பாரு, ஏறிக்கிச்சு.”

“எனக்கும்தாம்பா” என்றாள் மகள்.

‘எனக்கும்’ என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை பாதியில் நின்றுவிட்டது. ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் சேர்ந்து கடைக்கு வந்து கேஸ் மாத்திரை கேட்டால், நான் முதலில் கேட்பது ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்பதுதான். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. மகள் இட்லி சாப்பிட்டிருந்தாள். நான் டீ மட்டும் குடித்திருந்தேன். மூன்று வயிற்றிலும் வேறு வேறு விஷயம் இருக்கிறது, மூன்று தலையும் ஒரே மாதிரி வலிக்கிறது. நாங்கள் மூவரும் அன்று பங்கு போட்டுக்கொண்டது அந்தக் காருக்குள் இருந்த காற்றை மட்டும்தான்.

டி.பார்ம் படித்தபோது விஷங்கள் பாடத்தில் இது வரும். பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. மூச்சில் போனால் ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காருகிற இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும், சீக்கிரம் எழுந்திருக்காது. வயிற்றில் இருக்கிற பிள்ளையின் ரத்தத்தில் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் என்று படித்திருக்கிறேன். அன்று பரீட்சைக்காக மனப்பாடம் செய்தது ஒவ்வொரு வரியாக நினைவுக்கு வந்தது. இவ்வளவு நாள் மறந்திருந்த பாடம் இப்போது எதற்கு வருகிறது என்று அதன் மேலேயே கோபம் வந்தது.

“குழந்தை அசையுதா?” என்றேன்.

“அசையுதே. ஏம்மா ஒரு மாதிரி கேக்குற?”

பின்பக்கம் போய் டாக்டரம்மாவுக்கு போன் செய்தேன். சொன்னதைக் கேட்டுவிட்டு அவர், “உடனே கூட்டிகிட்டு வாங்க, அந்தக் கார்ல வேண்டாம்” என்றார். தெருமுனையில் நின்ற ஆட்டோவைப் பிடித்தோம். போகிற வழியில் இரண்டு பக்கமும் காற்று அடித்துக்கொண்டிருக்க, மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். மறைக்க எனக்குத் தெம்பில்லை. அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் கேட்டாள். “நான் கேஸு கேஸுன்னு சொல்லிகினு இருந்தேன். குழந்தை உள்ள மூச்சு முட்டிகினு இருந்துச்சாம்மா?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்காரர் ஆட்டோக்காரருக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.

மகளுக்கு முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். வயிற்றில் கருவியை வைத்ததும் குழந்தையின் இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. “இப்போதைக்கு நல்லா இருக்கு” என்றார் டாக்டரம்மா. அந்த ‘இப்போதைக்கு’ எனக்குப் பிடிக்கவில்லை. முந்தைய பயணங்களில் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். அதை ஒரே நாளில் சொல்ல முடியாது, கொஞ்ச நாள் கழித்து ஸ்கேனில் வளர்ச்சியைப் பார்க்கலாம், அதுவரை அசைவைக் கவனித்துக்கொண்டே இருங்கள், குறைந்தால் காத்திருக்காமல் வாருங்கள் என்றார். பயப்படாதீர்கள் என்றும் சொன்னார். கடையில் நானும் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வேன்.

மறுநாள் காலை நான்கு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக் காரை மெதுவாகப் பூஞ்சேரிக்கு ஓட்டிப் போனேன். வீட்டுக்காரரும் வந்தார். என்ன என்று கண்ணால் பார்க்காவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். மெக்கானிக் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

“இன்னாக்கா, இப்பத்தான் தோணுச்சா? அன்னிக்கே சொன்னேனே.”

“அன்னிக்கே கேஸ் போட்டாச்சே தம்பி.”

“எந்தக் கேஸு?”

“ஏசி கேஸு.”

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வீட்டுக்காரரைப் பார்த்தார். “அண்ணாத்த, நான் உங்க கையில இன்னா சொன்னேன்? கேஸ்கட்டு லீக்குன்னு சொன்னேன். கேஸ்கட்டு! ஏசிய எவன் சொன்னான்?”

“கேஸுன்னுதான்பா காதுல வுழுந்துச்சு” என்றார் வீட்டுக்காரர். “லாரி போய்கினு இருந்துச்சு.”

ஒரு ‘கட்டு’ லாரிச் சத்தத்தில் விழுந்துவிட்டது. அவர் மேல் எரிந்து விழ வேண்டும் என்றுதான் எனக்கு வாய் துடித்தது. ஆனால் அவர் துண்டால் முகத்தைத் துடைப்பது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஆயிரம் பேர் ஏறுகிற பஸ்ஸில் யார் எங்கே இறங்க வேண்டும் என்று காதால் கேட்டே சரியாக டிக்கெட் கொடுத்த மனிதர். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்ஜின் ஆறினால்தான் சத்தம் நன்றாகத் தெரியும் என்று காரை நிழலில் விட்டு, நாஸ்தா முடித்துவிட்டு வந்தார் மெக்கானிக். பிறகு ஸ்டார்ட் செய்யச் சொன்னார். டிக் டிக் டிக். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையை என்ஜினைச் சுற்றி ஒவ்வொரு இடமாகக் காட்டினார். ஓர் இடம் வந்ததும் நிறுத்தி, குழாயை என்னிடம் நீட்டினார். காதில் வைத்தேன். தூரத்தில் டிக் டிக் என்று கேட்ட சத்தம் அங்கே படபடவென்று அறைந்தது. குழாய் வழியாக என் காதில் காற்று வேறு அடித்தது. நேற்று இதே மாதிரி ஒரு கருவியை மகள் வயிற்றில் வைத்தார்கள்.

“இன்ஜின்ல எரிஞ்ச புகை டர்போக்குள்ள போற வாசப்படி இது. ரெண்டுத்துக்கும் நடுவுல தகடு மாதிரி ஒரு கேஸ்கட்டு இருக்கும். அது பூட்ச்சு. புகை டர்போவ சுத்த வெக்காம இப்டியே வெளிய வந்துகினு கீது. அதான் வண்டி இழுக்கல. சூடானா இரும்பு விரியும், சந்து கொஞ்சம் அடைச்சிக்கும், சத்தம் கம்மியாப் பூடும். லீக்கு போவாது.”

“உள்ள எப்படி வருது?”

அவர் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் பக்கத்தில் இருக்கிற வரிவரியான இடைவெளியைக் காட்டினார். “ஏசிக்கு வெளிக்காத்து இது வழியாத்தான் போவும். ஓடும்போது காத்து அடிச்சுகினு பூடும். நின்னாத்தான் பேஜாரு. பானெட்டுல கீற புகைய அப்டியே உள்ள இழுத்துக்கும்.”

நல்ல காற்று வரட்டும் என்று மறக்காமல் நான் அழுத்திய பொத்தான் ஞாபகத்துக்கு வந்தது.

என்ஜினை நிறுத்தி, சைலன்சர் வாயில் துணியைச் சுற்றி ஊதுகிற மிஷினைச் செருகினார். வெப்பத்தைத் தடுக்கிற தகட்டைக் கழற்றிவிட்டு, பஞ்சர் கடையில் செய்கிற மாதிரி அந்த இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். ஒரு பக்கம் பூராவும் நுரை பொங்கிக்கொண்டு வந்தது. அந்தப் பக்கத்து இரும்பில் அடுப்புக் கரி மாதிரி கறுப்பாகக் கோடு கோடாகப் படிந்திருந்தது. இத்தனை நாள் என் பெண் மூச்சில் இழுத்தது அதுதான்.

அதற்குப் பிறகு கார் பல நாள் அங்கேயே கிடந்தது. கடலோரத்தில் உப்புக் காற்றில் நின்ற வண்டி, நட்டெல்லாம் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. துரு இளக எண்ணெய் அடித்து ஊறவிட்டுக் கழற்றினார். அப்படியும் நட்டு மாட்டுகிற ஆணி, ஸ்டட் என்பார்கள், ஒன்று ‘படக்’ என்று உள்ளேயே முறிந்துவிட்டது. மெக்கானிக் தன்னையே அசிங்கமாகத் திட்டிக்கொண்டார், பிறகு என்னைப் பார்த்து, “சாரிக்கா” என்றார். முறிந்த முனையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்து மெல்ல மெல்லத் திருகி எடுத்தார். உள்ளே பழைய கேஸ்கட்டில் பசை பூசியிருந்தது. முன்பு எங்கோ டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்தபோது புதுசு போடாமல் அதையே திரும்பப் போட்டுப் பசை தடவியிருக்கிறார்கள். “இந்தச் சூட்டுக்குப் பசை நிக்காது. உரிஞ்சு டர்போக்குள்ள போச்சுன்னா அதுவும் காலி” என்றார். தகடு உட்காருகிற டர்போவின் முகம் வளைந்திருக்கிறதா என்று நேரான சட்டத்தை வைத்துப் பார்த்தார். லேசாக வளைந்திருந்தது. செங்கல்பட்டு லேத் பட்டறைக்கு அனுப்பி மட்டமாக்கி வாங்கினார். கேஸ்கட் சென்னையிலிருந்து வர வேண்டும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம், தினமும் போய் அங்கே நின்றதுதான். கடையைச் சாத்திவிட்டுப் போவேன். வீட்டில் இருந்தால் மகளைப் பார்த்து “அசையுதா” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு நாள், “ம்மா, நீ கேக்கக் கேக்க எனக்கு அசையிறதே தெரிய மாட்டேங்குது, போயேன்” என்று கத்திவிட்டாள். குழந்தையைப் பற்றி என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. காரையாவது பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. மெக்கானிக்குக்கு நான் பெரிய தொல்லை. “அக்கா, உக்காருக்கா, நிழல்ல உக்காருக்கா” என்று விரட்டிக்கொண்டே இருப்பார்.

புதுத் தகடு வந்தது, புது ஸ்டட்டும் புது நட்டும் வந்தன. முதலில் ஒரு நட்டு, பிறகு அதற்கு எதிர் நட்டு, இப்படி மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். இறுக்கம் சரியான அளவு வந்ததும் ‘டக்’ என்று சொல்கிற ஸ்பானர். என்ஜினைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி ஒரு முறை பார்த்தார். சோப்புத் தண்ணீர் தெளித்தபோது ஒரு குமிழ்கூட வரவில்லை. அடுத்த நாள் காலை என்ஜின் ஆறிச் சில்லென்று இருக்கும்போது நானே ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக் இல்லை. குழாயை வாங்கி நானே காதில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இல்லை. “அத நீயே வெச்சுக்கக்கா” என்றார் மெக்கானிக். கிண்டலாகத்தான் சொன்னார். நான் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டேன்.

நம்பிக்கை மட்டும் வரவில்லை. நான் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு செங்கல்பட்டு போய், ராட்டினங்கிணறு சிக்னலுக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, என்ஜினை ஓடவிட்டு, அந்தப் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்தேன். தலை வலிக்கிறதா என்று பார்க்கத்தான். முட்டாள்தனம்தான், தெரிந்தேதான் செய்தேன். வலிக்கிறதா வலிக்கிறதா என்று கவனித்துக்கொண்டே இருந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? கண்ணாடியை இறக்கிவிட்டு, கார் சரியில்லையா, நான் சரியில்லையா என்று தெரியாமலே வீட்டுக்கு வந்தேன்.

மகள் காரின் பக்கமே வரவில்லை. ஸ்கேனுக்கு பஸ்ஸில்தான் போனோம், வீட்டுக்காரர் தன் பழைய பழக்கத்தை வைத்து ஜன்னல் சீட்டுப் பிடித்துக் கொடுத்தார். டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே, “கொஞ்சம் சின்னக் குழந்தையா இருக்கு. ஆனா அளவுக்குள்ளதான் இருக்கு. பொறந்ததும் பாப்போம்” என்றார். பிறந்ததும் பார்ப்போம் என்ற அந்த இரண்டு வார்த்தையோடு மிச்ச நாட்களை ஓட்டினேன். கடையில் யாராவது கேஸ் என்றால், எங்கே இருந்தீர்கள், எதில் வந்தீர்கள், கூட யாருக்கெல்லாம் வலிக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தேன். ஒரு மாத்திரைக்கு இவ்வளவு கேள்வியா என்று பலர் வேறு கடைக்குப் போனார்கள்.

பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. வெளியே வந்ததும் அழுதாள். அந்த அழுகை வெளியே கேட்டு, வராண்டாவில் வீட்டுக்காரர் கை கூப்பிக்கொண்டு நின்றாராம். எடை சற்றுக் குறைவு. குழந்தை டாக்டர் கை, கால், கண், காது எல்லாம் பார்த்தார், நன்றாக இருக்கிறாள் என்றார். இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சொன்னார். அப்படியும் அவள் தூங்கினால் எனக்குப் பயம், விரலை மூக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பேன். அழுதால் அதைவிடப் பயம்.

வீட்டுக்கு அழைத்துப் போகும் நாளில் வாடகைக் கார் பேசட்டுமா என்று மகளைக் கேட்டேன். அவள் யோசித்தாள்.

“வேற வண்டிய யாரு திறந்து பாத்தா? நம்ம வண்டியத்தான் நீ நின்னு பாத்துகினு இருந்த. அதையே எடு” என்றாள். “கண்ணாடி எல்லாம் தொறந்து வை.”

ஓட்டும்போது என் கை வேர்த்துக்கொண்டே இருந்தது. ஊரைத் தாண்டி, திருக்கழுக்குன்றம் சாலையில் ஓர் ஏரிக்கரை வந்தபோது குழந்தை அழ ஆரம்பித்தாள். சாதாரண அழுகை இல்லை. முகம் சிவந்து, காலை மடக்கி, மூச்சு விடாமல் அழுதாள். பால் கொடுத்துப் பார்த்தாள் மகள், வாங்கவில்லை.

“கேஸு” என்றார் வீட்டுக்காரர்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கண்ணாடியில் மகளின் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. ஒரு புளியமரத்தடியில் காரை ஒதுக்கி, “எல்லாரும் இறங்குங்க” என்று கத்தினேன். என்ஜினை ஓடவிட்டு, பானெட்டைத் தூக்கி, ரப்பர் குழாயைக் காதில் வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் தேடினேன். குழாயில் என்ஜின் சத்தம் மட்டும் சீராக வந்தது. மேலே வைத்தேன், கீழே வைத்தேன். படபடப்பு இல்லை, காற்று அடிக்கவில்லை. முகத்தைக் கொண்டுபோய் மோந்தும் பார்த்தேன். சூட்டு வாசனைதான். அதையும் நம்பாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

பின்னால் அழுகை திடீரென்று நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. குழாயை வைத்துக்கொண்டே திரும்பினேன்.

மகள் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வந்தது, அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து வந்தது என்று நம்ப முடியாத ஓர் ஏப்பம். பெரிய ஆள் விருந்து சாப்பிட்டுவிட்டு விடுகிற மாதிரி. மகளின் தோளில் கொஞ்சம் பால் வழிந்தது. குழந்தை எதுவும் நடக்காத மாதிரி கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்துவிட்டாள்.

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்தச் சொல்லைச் சொல்லலாமா கூடாதா என்று என்னைப் பார்த்தார்.

“சொல்லுப்பா” என்றாள் மகள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. “இது கேஸ்தான்.”

புளியமரத்து வேரில் உட்கார்ந்து, மடியில் அந்தக் குழாயை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். இத்தனை நாள் அழாததையெல்லாம் அழுதேன். அந்த வழியாகப் பைக்கில் போன ஒருவர், பானெட் திறந்திருப்பதையும் நான் உட்கார்ந்திருப்பதையும் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

“இன்னாக்கா, வண்டில இன்னா பிரச்சினை? லீக்கா?”

“ஒண்ணும் இல்லப்பா” என்றேன். “குழந்தைக்குக் கேஸு.”

அவர் என்னையும் காரையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரர் பானெட்டை இறக்கி மூடினார். மகளும் குழந்தையும் ஏறியதும் கதவைச் சாத்திவிட்டு, முன் சீட்டில் வந்து உட்கார்ந்து, குழந்தை எழுந்துவிடாதபடி மெதுவான குரலில், “போலாம் ரைட்” என்றார்.